பிரவுன் சுகர்: அளப்பது, காப்பது, இல்லாதபோது சமாளிப்பது

அமெரிக்க குக்கீ செய்முறை ஒன்றைப் பார்த்து அப்படியே செய்தேன், படத்தில் இருக்கிற மாதிரி நடுவில் மெத்தென்று வரவில்லை, மொறுமொறு பிஸ்கட்டாகப் போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பரவவே இல்லை, உருண்டையாக நின்றுவிட்டது, கடித்தால் மாவு மாவாக இருக்கிறது என்பவர்களும் உண்டு. இரண்டு பேரிடமும் நான் முதலில் கேட்பது ஓவன் சூட்டைப் பற்றி இல்லை. என்ன சர்க்கரை போட்டீர்கள், அதை எப்படி அளந்தீர்கள் என்றுதான். பாதிக்கு மேற்பட்ட நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

நம் ஊரில் பலரும் பிரவுன் சுகரை வெள்ளைச் சர்க்கரைக்கு நிறம் மாறிய ஒரு வகை, அல்லது கொஞ்சம் 'ஆரோக்கியமான' வகை என்று நினைத்து வாங்குகிறார்கள். மாவில் அது செய்யும் வேலை வேறு. கரும்புச் சாற்றைக் காய்ச்சி, சர்க்கரைப் படிகங்களைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கெட்டியான கரிய பாகுதான் மொலாசஸ். நுண்ணிய சர்க்கரைப் படிகத்தின் மேல் அந்த மொலாசஸ் ஒரு மெல்லிய ஈரப் படலமாக ஒட்டியிருந்தால் அது பிரவுன் சுகர். சில ஆலைகள் படிகமாக்கும்போதே பாகைக் கொஞ்சம் விட்டுவைக்கும். பல ஆலைகள் வெள்ளையாகச் சுத்திகரித்த பிறகு மொலாசஸைத் திரும்பக் கலந்து பூசும். இரண்டுமே உண்மையான பிரவுன் சுகர்தான். அதனால் "தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நிறம் கரைந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் போலி" என்று சுற்றுகிற சோதனையை நம்ப வேண்டாம். மேலே இருக்கிற படலம்தானே முதலில் கரையும்? சந்தேகம் இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கம் பொருள் பட்டியலில் கேரமல் நிறமி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

அந்தப் படலத்தில் தண்ணீர் இருக்கிறது, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கின்றன, லேசான புளிப்பு இருக்கிறது. ஃபிரக்டோஸ் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு லேசில் விடாது. குக்கீ ஆறிய பிறகும் நடுவில் மெத்தென்று இருப்பதற்கு அதுதான் காரணம். அளக்கும்போது அழுத்தச் சொல்வது ஏன், டப்பாவில் கட்டி தட்டுவது ஏன், நாட்டுச் சர்க்கரை அதற்கு ஓரளவு ஈடாகவும், பருமனான படிகமுள்ள டெமராரா என்ற பழுப்புச் சர்க்கரை ஈடாகாமலும் போவது ஏன் என்று எதைக் கேட்டாலும் பதில் இந்த ஈரப் படலத்தில் வந்துதான் நிற்கும்.

உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிற ஒரு செய்முறையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், விட்மன் என்ற ஊரில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு 1930களில் உருவாக்கிய சாக்லேட் சிப் குக்கீ. இன்றும் நெஸ்லே டோல் ஹவுஸ் சாக்லேட் சிப் பாக்கெட்டில் அச்சாகி வருகிற செய்முறையில் முக்கால் கப் வெள்ளைச் சர்க்கரை, முக்கால் கப் பிரவுன் சுகர், அதுவும் அழுத்தி அளந்தது. கூடவே இரண்டேகால் கப் மைதா, ஒரு கப் வெண்ணெய், இரண்டு முட்டை, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடா. பேக்கிங் பவுடர் கிடையாது. சோடா மட்டும் போட்டால் அது பொங்க ஏதாவது புளிப்பு வேண்டும், அதில் ஒரு பங்கைத் தருவது பிரவுன் சுகர். முழு சோடாவையும் அது சமன் செய்துவிடும் என்று சொல்ல மாட்டேன், அதன் புளிப்பு அவ்வளவு இல்லை. மீதி சோடா மாவைக் காரத்தன்மைக்குத் தள்ளி குக்கீ நன்றாகச் சிவக்க உதவுகிறது. ஆக வெள்ளைச் சர்க்கரையும் பிரவுன் சுகரும் அந்தச் செய்முறையில் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெள்ளை, குக்கீயைப் பரவ வைத்து ஓரத்தை மொறுமொறுப்பாக்கும். பிரவுன் நடுப்பகுதியை ஈரமாகவும் கொஞ்சம் தடிமனாகவும் வைத்திருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றையே முழுக்கப் போட்டால் குக்கீ வரும், ஆனால் வேறு குக்கீ.

சரி, அளப்பதற்கு வருவோம். வெள்ளைச் சர்க்கரை உலர்ந்தது, கப்பில் கொட்டினால் தானாகவே சரிந்து இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளும், யார் அளந்தாலும் ஒரு கப் 200 கிராமை ஒட்டித்தான் வரும். பிரவுன் சுகர் ஒட்டும், கட்டி கட்டியாக விழும், கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும். நீங்கள் அள்ளும் ஒரு கப்பும் உங்கள் அம்மா அள்ளும் ஒரு கப்பும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் அமெரிக்கச் செய்முறைகளில் அழுத்தி அளக்கச் சொல்கிறார்கள். அழுத்திய ஒரு கப் ஏறக்குறைய 213 கிராம். அழுத்தாமல் லேசாகத் தூவி நிரப்பினால் 145 கிராம் அளவில் நின்றுவிடும். முக்கால் கப் என்றால் 160 கிராம் போக வேண்டிய இடத்தில் 110 கிராம் போகிறது, 50 கிராம் சர்க்கரையும் அது கொண்டுவர வேண்டிய ஈரமும் காணாமல் போகின்றன. பரவாமல் உருண்டையாக நின்றது, மாவு மாவாக இருந்தது என்றவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

அழுத்துவது என்றால் இடிப்பது இல்லை. ஸ்பூனால் கொஞ்சம் போட்டு, ஸ்பூனின் முதுகாலோ விரலாலோ அமுக்கி, மேலும் போட்டு, மறுபடி அமுக்கி, கடைசியில் கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். தட்டில் கவிழ்த்தால் கப்பின் வடிவத்திலேயே நிற்க வேண்டும், விரலால் தொட்டதும் ஈர மணல் போலச் சரிய வேண்டும். தொட்டாலும் அசையாமல் நின்றால் அளவுக்கு மீறி அமுக்கிவிட்டீர்கள், கவிழ்த்ததுமே பொலபொலவென்று உதிர்ந்தால் போதவில்லை, இல்லையென்றால் அது பிரவுன் சுகரே இல்லை. அது வேறு கதை, கீழே வருகிறேன்.

இன்னொரு சிக்கல் கப்பிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கப் 240 மில்லிக்கு ஒரு மயிரிழை குறைவு, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி, நம் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கப் செட்டில் இரண்டும் உண்டு, சிலர் வீட்டு டம்ளரையே கப் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற இடங்களில் 15. இதற்கெல்லாம் ஒரே மருந்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிச்சன் தராசு. தராசு இருந்தால் அழுத்தினோமா இல்லையா என்ற கேள்வியே எழாது. பிரிட்டிஷ் செய்முறைகள் கிராமிலேயே இருப்பதால் அந்தப் பக்கம் இந்தத் தலைவலி கிடையாது. செய்முறை எழுதியவர் கப்போடு கிராமும் கொடுத்திருந்தால் அவர் கணக்கையே பின்பற்றுங்கள். ஒருவர் 200 என்பார், இன்னொருவர் 220 என்பார், அந்த வித்தியாசத்தில் குடி முழுகிவிடாது. 145க்கும் 213க்கும் நடுவே உள்ள தூரம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

இப்போது அந்த வேறு கதை. தமிழ்நாட்டு சூப்பர் மார்க்கெட்டுகளில் பிரவுன் சுகர் என்று எழுதி விற்கும் பாக்கெட்டுகளில் பல, உண்மையில் டெமராரா வகையைச் சேர்ந்தவை. பளபளவென்று பருமனான படிகம், பாக்கெட்டைச் சாய்த்தால் சலசலவென்று ஓடும். காபியில் போட நன்றாக இருக்கும், மஃபின் மேலே தூவினால் பல்லில் நறுக்கென்று கடிபடும். ஆனால் அமெரிக்கச் செய்முறை கேட்பது இது இல்லை. இதில் ஈரம் குறைவு, படிகம் பெரியது. வெண்ணெயோடு அடிக்கும்போது கரையாமல் நறநறவென்று நிற்கும், ஓவனுக்குள் தாமதமாக உருகி குக்கீயைக் கண்ணாடி மாதிரி மொறுமொறுப்பாக்கிவிடும். கையில் அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரித்ததும் பிடித்த வடிவம் நின்றால் மென்மையான பிரவுன் சுகர். ஓடிவிட்டால் டெமராரா, அல்லது அதன் உறவுக்காரன். அதை வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். மிக்ஸியில் நான்கைந்து முறை விட்டு விட்டுத் திருப்பினால் படிகம் பொடியும், ஆனால் பவுடர் ஆகும் வரை ஓட்டக்கூடாது. ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வெல்லப் பாகோ தேனோ விட்டு விரலால் பிசறிக்கொண்டால் வேலைக்கு ஆகும். இலங்கையில் கிடைக்கும் சிவப்புச் சீனி பருமனாக இருந்தால் அதற்கும் இதே கைவேலைதான்.

சேமிப்பில் நம் ஊர் நிலைமையும் குளிர் நாடுகளில் இருக்கும் தமிழர்களின் நிலைமையும் நேரெதிர். டொரண்டோவிலோ லண்டனிலோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்து கிடக்கும். திறந்து வைத்த பாக்கெட்டில் மொலாசஸ் படலத்தின் தண்ணீர் ஆவியாகிப் போக, படிகங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி மொத்தமும் செங்கல்லாகிவிடும். கெட்டுப்போனதாக நினைத்துக் குப்பையில் போடுபவர்கள் உண்டு. கெடவில்லை, தண்ணீர் போயிருக்கிறது, அவ்வளவுதான். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ மழைக்காலத்தில் பிரச்சினை வேறு. காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும், எறும்பு மோப்பம் பிடித்து வரும். நாட்டுச் சர்க்கரை என்றால் நாள்பட ஒரு புளித்த வாடையே வந்துவிடும். இரண்டு ஊருக்கும் தேவை ஒன்றுதான்: காற்றுப் புகாத டப்பா. ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடி நல்லது. ஜாடி சர்க்கரையின் அளவுக்கு ஏற்ற மாதிரி இருக்கட்டும், கால் பங்கு சர்க்கரைக்குப் பெரிய டப்பா வேண்டாம். ஃப்ரிட்ஜில் வேண்டாம். ஃப்ரிட்ஜின் காற்று உலர்ந்தது, அதோடு வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த சர்க்கரையின் மேல் நம் ஊர் ஈரம் வியர்த்து நிற்கும். மாதக்கணக்கில் தொட மாட்டீர்கள் என்றால் இறுக்கி மூடி ஃப்ரீசரில் வைக்கலாம், எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும் வரை திறக்காமல் இருந்தால் போதும்.

கட்டி தட்டிவிட்டதை மீட்க வெளிநாட்டில் சுட்ட மண் துண்டு ஒன்றை விற்கிறார்கள், கரடி பொம்மை வடிவத்தில் எல்லாம் வரும். தண்ணீரில் ஊற வைத்து, துடைத்து, சர்க்கரை டப்பாவுக்குள் போட்டால் அது மெல்ல மெல்ல ஈரத்தை விடும். நமக்கு அதைக் காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லை. எண்ணெய் படாத புது அகல் விளக்கு ஒன்று போதும், பூச்சு இல்லாத வெறும் சுட்ட மண்ணாகப் பார்த்து எடுத்து, கழுவி, கால் மணி நேரம் ஊற வைத்து, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டுச் சர்க்கரைக்கு மேலே வைத்து மூடுங்கள். மறுநாள் தொட்டுப் பாருங்கள், இளகியிருக்கும். பிரெட் துண்டும் ஆப்பிள் துண்டும் இதே வேலையைச் செய்யும், ஆனால் நம் வெக்கையில் அவற்றை ஒரு நாளுக்கு மேல் உள்ளே விட்டால் பூஞ்சை பிடிக்கும், இளகியதும் எடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் ஈர டிஷ்யூவால் மூடி மைக்ரோவேவில் 20 விநாடி, கிளறிவிட்டு இன்னும் 20 விநாடி. இப்படிச் சூடாக்கி இளக்கியது ஆறினால் மறுபடி இறுகும், அதனால் உடனே அளந்து உபயோகித்துவிட வேண்டும். நேரடியாகத் தண்ணீர் தெளிப்பதை மட்டும் செய்யாதீர்கள். தெளித்த இடத்தில் படிகம் கரைந்து பாகாகி, காய்ந்த பிறகு முன்பைவிட மோசமாக இறுகிக்கொள்ளும்.

பிரவுன் சுகரே இல்லை, என்ன செய்வது? என்னைக் கேட்டால் முதல் வழி வீட்டிலேயே செய்துகொள்வது. மொலாசஸ் கிடைத்தால் 200 கிராம் வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன், கருத்த வகை வேண்டுமென்றால் இரண்டு. நம் ஊர்ச் சர்க்கரை பருமனாக இருப்பதால் முதலில் மிக்ஸியில் லேசாகத் திருப்பிக்கொள்ளுங்கள். மொலாசஸ் என்று தேடிக்கொண்டு போய் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை வாங்கிவிடக்கூடாது, அது சாராய ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிற சரக்கு, சமையலுக்கென்று தயாரித்தது இல்லை. அதற்குப் பதிலாக நம் கையில் வெல்லம் இருக்கிறது. கருத்த வெல்லம் 100 கிராமை இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பிசுக்குப் பதம் வரை காய்ச்சி ஆற வையுங்கள். கம்பிப் பதத்துக்குப் போகவிடாதீர்கள், போனால் சர்க்கரையோடு கலக்காமல் தனியே இறுகும். இந்தப் பாகில் ஒரு ஸ்பூனைச் சர்க்கரையில் விட்டு விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்துக் கலந்தால், முதலில் அங்கங்கே புள்ளி புள்ளியாகத் தெரிவது சிறிது நேரத்தில் ஒரே சீரான இளம் பழுப்பாகி, கையில் பிடித்தால் பிடித்தபடி நிற்கும். மொலாசஸின் அந்த மெல்லிய கசப்பு இதில் வராது, மற்றபடி குக்கீயில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

நாட்டுச் சர்க்கரையை அப்படியே போடலாமா என்றால், போடலாம், எடைக்கு எடை. ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்குப் பேர்போன ஊர், பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்து சர்க்கரை போகிறது. அந்த மணம் குக்கீயில் வந்தால் யாருக்கும் பிடிக்கும். ஆனால் இது பிரவுன் சுகர் இல்லை என்பதை மனதில் வைத்துச் செய்ய வேண்டும். சாற்றில் இருந்த பாகை எதையும் பிரிக்காமல் மொத்தமாகக் காய்ச்சிப் பொடித்தது என்பதால் பளிங்குப் படிகம் குறைவு, வெண்ணெயோடு அடிக்கும்போது காற்று அவ்வளவாக ஏறாது, மாவு தளர்வாக இருக்கும், சீக்கிரம் சிவக்கும். டோல் ஹவுஸ் செய்முறையில் வெள்ளைச் சர்க்கரையை அப்படியே விட்டுவிட்டு, பிரவுன் சுகர் இருக்கும் இடத்தில் மட்டும் 160 கிராம் நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போடுங்கள். மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுக வையுங்கள். 190 டிகிரி செல்சியஸ் என்றிருப்பதை 180 ஆக்கி, 9 நிமிடத்திலிருந்தே ஓரத்தைக் கவனியுங்கள். வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைத் தேடாதீர்கள். அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனத்தைப் போடுவதும், எடைக்காக வெள்ளைச் சர்க்கரையைக் கலப்பதும் இந்தத் தொழிலில் நடக்கிற விஷயங்கள், உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது பிடிக்கவும் செய்கிறது. வெள்ளை கலந்த சரக்கில் பாகின் பங்கு குறைந்துவிடும், நாம் எதற்காகப் போடுகிறோமோ அதுவே இருக்காது.

அச்சு வெல்லம், உருண்டை வெல்லம் என்றால் துருவி எடை போடுங்கள். அதில் ஈரம் கூடுதல், செய்முறையில் பால் இருந்தால் ஒரு ஸ்பூன் குறைத்துக்கொள்ளலாம். வெல்லத்தில் புளிப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு விடை பாயசத்தில் இருக்கிறது: வெல்லம் போட்டுக் கொதிக்கிறபோது பாலை ஊற்றினால் திரிந்துபோகும் என்று அடுப்பை அணைத்து ஆற வைத்துத்தானே ஊற்றுகிறோம்? அந்தப் புளிப்புதான் சோடாவோடும் வேலை செய்கிறது. கருப்பட்டியில் இதை நம்ப முடியாது. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள், அந்தக் காரம் புளிப்பை அடக்கிவிடும். கருப்பட்டி போட்டு சோடாவை மட்டும் நம்பிச் செய்யும் கேக்கில் ஒரு ஸ்பூன் தயிரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துவிடுங்கள். அதன் புகை மணம் பேரீச்சம்பழக் கேக்குக்கும் சுக்கு, இஞ்சி போட்ட கேக்குக்கும் அருமையாகப் பொருந்தும். சாக்லேட்டோடு எனக்குச் சரிவரவில்லை, இரண்டும் ஒன்றை ஒன்று அமுக்கப் பார்க்கின்றன.

வாழைப்பழக் கேக், கேரட் கேக் மாதிரி ஏற்கெனவே ஈரம் நிறைந்தவற்றில் எதைப் போட்டாலும் பெரிய சேதமில்லை, வெறும் வெள்ளைச் சர்க்கரையே போதும். பட்டர்ஸ்காட்ச் சாஸில் மாற்றக்கூடாது, அங்கே சுவையே அந்தப் பாகுதான். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் செய்யும் மெரிங், மாக்கரோன் பக்கம் பிரவுன் சுகரையும் நாட்டுச் சர்க்கரையையும் கொண்டுபோகவே வேண்டாம்.

உடம்புக்கு நல்லது என்பதற்காக மட்டும் மாற்றுபவர்களுக்கு: 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 387 கலோரி, பிரவுன் சுகரில் 380. தாது உப்புகள் இருப்பது உண்மை, ஒரு குக்கீயில் வரும் அளவுக்கு அதனால் எதுவும் நடக்காது. சர்க்கரை நோய் இருப்பவருக்கு "நாட்டுச் சர்க்கரைதானே" என்று இரண்டு துண்டு கேக் கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை.

சர்க்கரையை மாற்றும் அன்று மாவு முழுவதையும் தட்டில் அடுக்காமல் முதலில் ஒரே ஒரு குக்கீயைச் சுட்டுப் பாருங்கள். தோசை போலப் பரவினால் மீதி மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா சேர்த்து இன்னும் கொஞ்ச நேரம் குளிர வையுங்கள். பரவாமல் நின்றால் உருண்டைகளை உள்ளங்கையால் லேசாகத் தட்டி வையுங்கள். எத்தனை கிராம், எந்தக் கடைச் சர்க்கரை என்று செய்முறைக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள், அடுத்த பாக்கெட் வேறு மாதிரி வரும்.